காற்றுக்கு வால்வு திறந்தவள்

என் அத்தையை எங்கள் மேட்டுத் தெருவில் எல்லோரும் வால்வக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். அப்பாவுக்கு அக்கா. தெருத் தொட்டிக்கு வரும் குழாயின் வால்வைக் காலையில் திறந்து சாயங்காலம் மூடுவது அரசாங்கம் அவளுக்குக் கொடுத்த வேலை. அந்தக் குழாயில் ஒரு நாளும் தண்ணீர் வந்ததில்லை. அத்தையும் ஒரு நாளும் வேலைக்குப் போகாமல் இருந்ததில்லை.

இதைச் சொன்னால் கேட்கிறவர்கள் சிரிக்கிறார்கள். பள்ளிக்கூடம் முடித்துவிட்டு அடுத்தது என்னவென்று தெரியாமல் வீட்டில் உட்கார்ந்திருக்கும் எனக்கு வேறு வேலை இல்லை. அதனால் சிரிக்கிறவர்களுக்குப் புரிகிற மாதிரி ஒருமுறை எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

எங்கள் ஊர் ஒரு சரிவில் இருக்கிறது. கீழே ரோட்டை ஒட்டிப் பள்ளத் தெரு. அங்கேதான் கிணறும் மோட்டாரும் கிராம அலுவலகமும். மேலே, கல்லும் முள்ளுமான பாதையில் மூச்சு வாங்க ஏறினால் மேட்டுத் தெரு. வீட்டுக்கு வீடு குழாய் என்று ஒரு திட்டம் வந்தபோது எங்கள் தெருவையும் தோண்டினார்கள். ஒவ்வொரு வாசலிலும் ஒரு சிமெண்ட் மேடை, அதில் பளபளவென்று ஒரு குழாய். தெருவின் உச்சியில் இடுப்பளவு சிமெண்ட் பீடம் கட்டி ஒரு கறுப்புப் பிளாஸ்டிக் தொட்டியை ஏற்றி வைத்தார்கள். பள்ளத் தெருவில் தண்ணீர் பாய்ந்தது, கை தட்டினார்கள், போட்டோ எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். மேட்டுக்கு ஏற மட்டும் அந்த மோட்டாருக்கு மூச்சு இல்லை.

அத்தையைப் பக்கத்து ஊரில் கட்டிக் கொடுத்திருந்தார்கள். மாமா லாரியில் கிளீனராக இருந்தார். ஒரு நாள் லாரி ஏறிப் போனவர், போன இடத்திலேயே இன்னொரு குடும்பத்தோடு தங்கிவிட்டார். அத்தை கொஞ்ச காலம் காத்திருந்து பார்த்தாள். அப்புறம் ஒரு தகரப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தாள். "எத்தனை நாளைக்கு அண்ணி?" என்று அம்மா கேட்டதற்கு, "பெட்டி துருப்பிடிக்கிற வரைக்கும்" என்றாளாம். அம்மாவுக்கு அந்தப் பதில் பிடித்துப்போனது. ரோடு போடும் வேலை, கல் உடைக்கும் வேலை என்று எல்லாம் பார்த்தவள், படித்த பெண் ஒருத்தி வால்வு பார்க்க வேண்டும் என்று அலுவலகத்தில் சொன்னபோது முதல் ஆளாகப் போய் நின்றாள். ஐந்தாம் வகுப்பு வரை படித்திருந்தாள். எங்கள் தெருவில் அவள் வயதில் அதுவே பெரிய படிப்பு.

டவுனில் ஒரு நாள் பயிற்சி கொடுத்தார்கள். திரும்பி வரும்போது கையில் ஒரு இரும்புச் சாவி. அவள் தொடை வரை நீளம், மேலே குறுக்குப் பிடி. அதைக் கதவுக்கு மேலே ஆணியில் மாட்டி, வாரத்துக்கு ஒருமுறை எண்ணெய் போட்டுத் துடைப்பாள். பயிற்சியில் அவளுக்கு மிகவும் பிடித்த விஷயம், குழாயில் காதை வைத்துக் கேட்பது. தண்ணீர் வந்தால் ஒரு சத்தம். காற்று வந்தால் ஒரு சத்தம். அடைப்பு இருந்தால் சத்தமே இருக்காது. தினமும் வால்வைத் திறந்துவிட்டு, மண்டி போட்டுக் குழாயில் காதை வைப்பாள். உஸ்ஸென்று காற்று.

"வால்வக்கா, இன்னிக்குக் காத்து எப்படி, உப்புக் கரிக்குதா?" என்று எதிர்வீட்டு அக்கா தெருவே கேட்கக் கத்துவாள். அந்த அக்காவுக்கு எங்கள் தெருவில் ஸ்பீக்கர் என்று பேர்.

"உனக்கு ரெண்டு குடம் பிடிச்சு வெச்சிருக்கேன், வந்து எடுத்துக்கோ" என்பாள் அத்தை.

உண்மையில் எங்களைக் காப்பாற்றியது டேங்கர் லாரி. ஒன்றுவிட்டு ஒரு நாள் காலையில் முக்கி முனகி மேலே ஏறி வரும். அதன் ரப்பர் குழாயைப் பிடிப்பவள் அத்தைதான். அதை யாரும் அவளுக்கு வேலையாகக் கொடுக்கவில்லை. அவள் வருவதற்கு முன்னால் டேங்கர் வந்தாலே குடத்தால் அடித்துக்கொள்வார்கள். அவள்தான் அதற்கு ஓர் ஒழுங்கு கொண்டுவந்தாள். இன்று கடைசியாகப் பிடித்த வீடு அடுத்த முறை முதலில் பிடிக்கும். யார் கடைசி என்பதைத் தெருவே நினைவில் வைத்திருக்கும். குழாய் அவள் கையில் இருக்கும்வரை ஒருத்தரும் எதிர்த்துப் பேச மாட்டார்கள்.

போன மாதம் ஒரு சாயங்காலம் அலுவலகக் கிளார்க் தன் வண்டியைத் தள்ளிக்கொண்டே மேலே வந்தார். பாதி வழியில் வண்டி நின்றுவிட்டது போலிருக்கிறது. சட்டையெல்லாம் நனைந்திருந்தது.

"வால்வம்மா, நாளைக்கு மேலேருந்து ஆள் வராங்க. திட்டம் எப்படி நடக்குதுன்னு வீடு வீடா மதிப்பீடு பண்ணப் போறாங்க. குழாயில தண்ணி வரணும்."

"வரணும்னா எப்படி சார்? நான் குழாய்க்குள்ள உக்காந்து அழுதாத்தான் வரும்."

அவர் சிரிக்கவில்லை. "தொட்டி இருக்குல்ல? ஊத்துங்க."

"எதை?"

"வீட்டுக்கு வீடு வெச்சிருக்கீங்கல்ல, அதை. காலையில டேங்கர் வராது. அவங்க கண்ணுல டேங்கர் படக்கூடாது. அவங்க போனதும் நானே அனுப்பி வைக்கிறேன்."

அத்தை அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவர் குரலைத் தாழ்த்தினார். "தண்ணி வரலன்னா வால்வு பாக்கிறது யாருன்னுதான் முதல்ல கேப்பாங்க. அங்க யார் பேர் இருக்கு?"

அவர் போன பிறகு அத்தை வீடு வீடாக ஏறி இறங்கினாள். நானும் அம்மாவும் கூடப் போனோம். எங்கள் தெருவைப் பற்றி இங்கே ஒன்று சொல்ல வேண்டும். முன்பு எங்களுக்கு ஒரு நர்ஸ் இருந்தாள். ஒரு அதிகாரி பார்க்க வந்த அன்று மருந்து அலமாரி காலியாக இருந்தது. அவர் கத்தினார், எழுதினார், போனார். மருந்து வரவில்லை. நர்ஸை வேறு ஊருக்கு மாற்றிவிட்டார்கள், அந்த அறை இன்றைக்கும் பூட்டித்தான் கிடக்கிறது. குறை தெரிந்தால் இருப்பதையும் எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள் என்பது அன்றிலிருந்து எங்கள் தெருவில் எல்லோருக்கும் பாடம். பார்க்க ஆள் வருகிறார்கள் என்றால் எல்லாம் சரியாக இருக்கிற மாதிரி காட்டிவிட வேண்டும்.

ஸ்பீக்கர் மட்டும்தான் முரண்டு பிடித்தாள். "என் வீட்டுத் தண்ணியை நானே தூக்கிட்டுப் போய் ஊத்தி, அது என் வீட்டுக் குழாயில வர்றதைப் பாத்து நானே சந்தோஷப்படணுமா?"

"ஒரு வேளைக்குத்தான்டி."

"என் பேத்தி பிறந்து இன்னும் தொட்டில்கூடக் கட்டல. வீட்ல தண்ணி இல்லாம பச்சைப் பிள்ளையை வெச்சுக்கிட்டு நான் என்ன பண்றது?"

"மத்தியானத்துக்குள்ள டேங்கர் வந்துடும். நான் பொறுப்பு" என்றாள் அத்தை.

அந்த 'நான் பொறுப்பு' என்ற வார்த்தைக்குத்தான் ஸ்பீக்கர் அடங்கினாள்.

மறுநாள் விடியும்போதே தெரு வரிசையாக நின்றது. குடம், வாளி, அண்டா, சாயம் போன பிளாஸ்டிக் டிரம். கை மாற்றி, கை மாற்றி உச்சிக்குப் போனது. பீடத்தின் மேல் ஏறி நின்று அத்தைதான் வாங்கி வாங்கி ஊற்றினாள். எங்கள் வீட்டுச் சமையலறை மூலையில் இருந்த கடைசிக் குடத்தை அம்மா தூக்கியபோது, அடியில் ஈரத்தில் ஒரு வட்டம் இருந்தது. அது காய்ந்துகொண்டே போனதை நான் பார்த்துக்கொண்டு நின்றேன்.

தொட்டி நிறைந்ததும் அத்தை இறங்கி, வீடுகளுக்குப் போகும் குழாயின் வால்வைத் திறந்தாள். வழக்கம்போல மண்டி போட்டுக் காதை வைத்தாள். அப்படியே இருந்தாள். எழுந்திருக்கவே இல்லை.

"அத்தை?"

"வாடி, வந்து கேளு."

நானும் காதை வைத்தேன். பசித்த வயிறு பேசுவது மாதிரி ஒரு குளுகுளு சத்தம், கொஞ்சம் நின்று, மறுபடியும் ஓடியது.

"இதுதான் கண்ணு அந்தச் சத்தம்" என்றாள். அவள் கன்னத்தில் குழாயின் துரு ஒட்டியிருந்தது. துடைக்கச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

ஜீப் வந்தது. இறங்கியது ஒரே ஒரு அம்மாள். நரைத்த தலை, கேன்வாஸ் ஷூ, கழுத்தில் கயிறு போட்டுத் தொங்கவிட்ட கண்ணாடி, கையில் பெரிய போன் மாதிரி ஒரு டேப். கடுகடுவென்று இருப்பாள் என்று நினைத்தேன். வாசலில் ஷூவைக் கழற்றிவிட்டுத்தான் ஒவ்வொரு வீட்டுக்குள்ளும் போனாள். கிளார்க் அவளுக்கு இரண்டடி பின்னால், அவள் தோளுக்கு மேலே எங்கள் முகங்களைப் பார்த்தபடி நின்றார்.

எல்லா வீட்டிலும் ஒரே கேள்வி, ஒரு வார்த்தை மாறாமல்.

"இன்னிக்கு உங்க குழாயில தண்ணி வந்துதா?"

"வந்துச்சு மேடம்."

"காட்ட முடியுமா?"

நூல் மாதிரித் திறக்க வேண்டும் என்று அத்தை சொல்லி வைத்திருந்தாள். நூல் மாதிரித் திறந்தார்கள். நூல் மாதிரி வந்தது.

"போன வாரம் தினமும் வந்துதா?"

ஸ்பீக்கரின் கண் கிளார்க்கின் பக்கம் போய்த் திரும்பியது. "வராமயா?"

"ஆமாவா, இல்லையாம்மா?"

"ஆமாதான்."

டேப்பில் ஒரு விரல் தட்டு. அவ்வளவுதான். அடுத்த கேள்வி.

எங்கள் வீட்டில் அம்மா பதில் சொன்னாள். அம்மா பொய் சொல்லி நான் கேட்டதே இல்லை. குரலைக் கேட்டாலே தெரிந்திருக்கும். அம்மா பேசும்போது முந்தானை நுனியைச் சுருட்டிக்கொண்டே இருந்தாள். முடிந்ததும், அடுத்த வீட்டுக் குழாய் சரியாக இருக்கிறதா என்று பார்க்கக் கிளார்க் முன்னால் போய்விட்டார். அந்த அம்மாள் ஷூவை மாட்டக் குனிந்தாள். எனக்கு வாய் சும்மா இருக்காது.

"மேடம், இதெல்லாம் எழுதிட்டுப் போய் என்ன பண்ணுவீங்க?"

அவள் நிமிர்ந்து பார்த்தாள். இதுவரை யாரும் அவளை அதைக் கேட்கவில்லை போலிருந்தது. "தண்ணி வர்ற தெரு, வராத தெருன்னு பிரிப்போம். வராத தெருவுக்கு அடுத்த கட்டத்துல பெரிய மோட்டார் வரும். வர்ற தெருவுக்கு இனிமே டேங்கர் தேவையில்லல்ல? அதை நிறுத்திட்டு, இல்லாத இடத்துக்கு அனுப்புவோம்."

"எப்ப நிறுத்துவீங்க?"

"நான் இன்னிக்கு அனுப்பினா, அடுத்த வாரத்துலேருந்து."

"மேடம்..." என்று ஆரம்பித்தேன். "மேடம், வாங்க, நேரமாகுது" என்று கிளார்க் அடுத்த வாசலிலிருந்து கூப்பிட்டார். அம்மா பின்னாலிருந்து என் கையைக் கிள்ளினாள். அதற்கு மேல் என்னை நிறுத்தியது வேறு ஒன்று. இது அத்தையின் கழுத்து. அவளைக் கேட்காமல் நான் நீட்டக் கூடாது.

ஓடினேன். அத்தை தொட்டியடியில் குந்தியிருந்தாள், காது குழாயில். சொன்னேன். அவள் முகத்தில் இருந்த சிரிப்பு உடனே போகவில்லை. கொஞ்சம் கொஞ்சமாகப் போனது.

"டேங்கர் நின்னுடுமா?"

"அடுத்த வாரமே."

"யார் சொன்னா?"

"அந்த மேடமேதான் அத்தை. வராதுன்னு சொல்லியிருந்தா பெரிய மோட்டார் வருமாம். நாம வருதுன்னு சொல்லிட்டோம். வா, போய்ச் சொல்லிடலாம்."

"என்னன்னு சொல்றது? தெருவே ஆமான்னு சொல்லி முடிச்சாச்சு. இப்ப ஒருத்தி போய் இல்லன்னா, இவளுக்கு மூளை கலங்கிடுச்சுன்னு அந்தக் கிளார்க் சொல்லுவான். ஜீப் போயிடும்." அவள் எழுந்து தொட்டியை விரல் முட்டியால் தட்டினாள். மேலே வெற்றுச் சத்தம். கீழே கீழே தட்டிக்கொண்டு போனாள். பாதிக்கு மேல் இன்னும் இருந்தது. தெருவைப் பார்த்தாள். இன்னும் ஒன்றிரண்டு வீடுகள்தான் பாக்கி. ஜீப் டிரைவர் வண்டியைத் திருப்பி, மூக்கைப் பள்ளத்தைப் பார்த்து நிறுத்தியிருந்தான்.

"ஸ்பீக்கரோட பேத்தி எங்க?"

"தூங்குது அத்தை."

அத்தை தன் சாவியை எடுத்தாள். தொட்டியின் அடியில், கழுவி விடுவதற்கென்று வைத்த தடித்த குழாயின் வால்வில் மாட்டினாள். அவள் என்ன செய்யப் போகிறாள் என்று எனக்குப் புரிந்தபோது சாவி திரும்ப ஆரம்பித்துவிட்டது.

"அத்தை, வேண்டாம்! அது எல்லார் வீட்டுத் தண்ணி!"

"தெரியும். நான்தானே வாங்கி ஊத்தினேன்" என்றாள்.

சத்தம் முதலில் வந்தது. அப்புறம் தண்ணீர். அவ்வளவு தண்ணீரை எங்கள் தெரு ஒருசேரப் பார்த்ததில்லை. பீடத்திலிருந்து குதித்து, மண்ணைக் கரைத்துக்கொண்டு, கல்லுக்குக் கல் தாவித் தெருவின் நடுவே இறங்கியது. ஒரு நொடி யாருக்கும் எதுவும் புரியவில்லை. அடுத்த நொடி ஓலம்.

"பாவி! மூடுடி! மூடு!" ஸ்பீக்கர்தான் முதலில் ஓடி வந்தாள். பின்னாலேயே மற்றவர்கள். அம்மா ஒரு வாளியைக் கொண்டுவந்து ஓடும் தண்ணீரில் வைத்தாள். அதில் சேறுதான் விழுந்தது. "அண்ணி, உங்களுக்கு என்ன ஆச்சு அண்ணி?" என்று அழுதாள்.

அத்தை குழாயின் மேலேயே உட்கார்ந்துவிட்டாள். சாவியை இரண்டு கையாலும் மார்போடு பிடித்துக்கொண்டாள். ஸ்பீக்கர் அவள் தோளைப் பிடித்து உலுக்கினாள், இழுத்தாள். அத்தை அசையவில்லை.

கிளார்க் வழுக்கி வழுக்கி ஏறி வந்தார். "வால்வை மூடு! மூடுன்னு சொல்றேன்ல!"

அவருக்குப் பின்னால் அந்த அம்மாள். கேன்வாஸ் ஷூ சேறாகியிருந்தது. "என்னம்மா பண்றீங்க?"

"தொட்டியைக் காலி பண்றேன் மேடம்." அத்தை நிமிர்ந்து அவளைப் பார்த்தாள். "காலியான தொட்டி எப்படி நிரம்புதுன்னு இருந்து பாத்துட்டுப் போங்க. தண்ணி வர்ற தெருதானே?"

அந்த அம்மாள் கிளார்க்கைப் பார்த்தாள்.

"கரண்ட் இல்ல மேடம், இப்ப மோட்டார் ஓடாது" என்றார் அவர். கீழே பள்ளத் தெருவில் மோட்டார் ஓடும் சத்தம் எல்லோருக்கும் கேட்டுக்கொண்டிருந்தது. அவருக்கும் கேட்டது. "அதாவது... இந்த லைன்ல இல்ல. இவங்களுக்கு அப்பப்ப இப்படித்தான் மேடம். மனசு சரியில்லாத ஆள்."

அந்த அம்மாள் பெண்களைப் பார்த்துத் திரும்பினாள். "இவங்க சொல்றது என்னன்னு யாராவது சொல்றீங்களா?"

தொட்டி காலியாகி, கடைசிச் சொட்டு விழுந்தது. ஒருத்தரும் வாய் திறக்கவில்லை. எல்லோர் கண்ணும் கிளார்க்கின் மேல் இருந்தது. இப்போது சொன்னால், காலையிலிருந்து சொன்னதெல்லாம் பொய் என்றாகிவிடும். நான் பேசினேன். "மேடம், அது நாங்களே ஊத்தின தண்ணி" என்றேன். "சின்னப் பொண்ணு மேடம், அத்தையைக் காப்பாத்தச் சொல்லுது" என்றார் கிளார்க் அதே மூச்சில்.

அந்த அம்மாள் வெயிலில் நெற்றியைத் துடைத்துக்கொண்டாள். "குடிக்க ஒரு டம்ளர் தண்ணி கொடுங்க யாராவது" என்றாள்.

யாரும் நகரவில்லை.

"தாகமா இருக்கும்மா."

அம்மாவின் முகம் சிவந்தது. வீட்டுக்கு வந்தவர்கள் தண்ணீர் கேட்டு, இல்லையென்று அம்மா சொன்னதே கிடையாது. அந்த அம்மாள் தானாகவே எங்கள் வீட்டுப் படியேறினாள். சமையலறை வாசலில் நின்றாள். குடங்கள் கவிழ்ந்து கிடந்தன. அடுத்த வீட்டுக்குப் போனாள். அங்கேயும் கவிழ்த்த குடங்கள். அடுத்த வீட்டில் டிரம்மின் மூடியைத் திறந்து உள்ளே பார்த்தாள். வெளியே வந்து தெருவின் நடுவில் நின்றாள்.

"தினமும் குழாயில தண்ணி வருதுன்னு சொன்னீங்க. அப்ப ஒரு வீட்டுக் குடத்துலகூட ஏன் ஒரு வாய் தண்ணி இல்ல?"

ஸ்பீக்கர் பேசாமல் நின்றாள். அவள் அப்படி நின்று நான் பார்த்ததில்லை. அவள் கண் தெருவில் இறங்கிப் போன ஈரத்தின் மேல் இருந்தது. மண் அதற்குள் பாதியைக் குடித்துவிட்டிருந்தது.

"அதோ போகுது பாருங்க," என்றாள் கையை நீட்டி. "அதுதான் மேடம் என் குடம்."

அதற்குப் பிறகு எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். கிளார்க் தொட்டியடியிலேயே உட்கார்ந்துவிட்டார். "வேலை முடிஞ்சுதுன்னு நான் கையெழுத்துப் போட்டிருக்கேன் வால்வம்மா" என்று அத்தையிடம்தான் சொன்னார், வேறு யாரிடமும் இல்லை. "போடலன்னா பள்ளத் தெருவுக்கே தண்ணி விட மாட்டோம்னாங்க. அப்புறம் சரி பண்ணிக்கலாம்னு நெனச்சேன்."

அந்த அம்மாள் அவரை ஜீப்பில் போய் உட்காரச் சொன்னாள். "முதல் வீட்லயே இதைச் செஞ்சிருக்கணும்" என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். பிறகு எங்களிடம், "நீங்க சொன்ன பதிலை நானா மாத்த முடியாது. மறுபடியும் கேக்கறேன். மறுபடியும் சொல்லுங்க" என்றாள். முதல் வீட்டிலிருந்து ஆரம்பித்தாள். அதே கேள்விகள், ஒரு வார்த்தை மாறாமல். எல்லாம் முடிந்து தொட்டியடிக்கு வந்தபோது அத்தை குழாயின் மேலிருந்து எழுந்தாள். கீழேயிருந்து வரும் குழாயின் வால்வைச் சாவியால் திறந்தாள்.

"காதை வெச்சுக் கேளுங்க மேடம்."

அந்த அம்மாள் சேற்றில் மண்டி போட்டுக் காதை வைத்தாள். உஸ்ஸென்ற சத்தம் எனக்கே கேட்டது. அவள் எழுந்தபோது அவள் கன்னத்திலும் துரு இருந்தது. ஜீப் கிளம்பும் முன் கிளார்க் இறங்கி வந்து, அத்தையிடம் கையை நீட்டினார். அத்தை சாவியைக் கொடுத்துவிட்டாள். முந்தானையால் பிடியைத் துடைத்துவிட்டுத்தான் கொடுத்தாள்.

உண்மையைச் சொன்னால், அதற்கப்புறம்தான் பயமே வந்தது. தெருவில் ஒரு சொட்டு இல்லை. மத்தியானம் வரும் என்ற டேங்கர் வரவில்லை. அதை அனுப்ப வேண்டியவர் கிளார்க். ஸ்பீக்கரின் பேத்தி எழுந்து அழ ஆரம்பித்தது. பிள்ளை பெற்றவளுக்கு வாய் உலர்ந்து போயிருந்தது, குழந்தையின் துணி துவைக்காமல் மூலையில் கிடந்தது. பாதை முனையைப் பார்த்துக்கொண்டு எல்லோரும் காலிக் குடங்களோடு வாசலில் உட்கார்ந்திருந்தார்கள். ஆரம்பத்தில் அத்தையைப் பற்றிச் சத்தமாகப் பேசினார்கள். அப்புறம் மெதுவாகப் பேசினார்கள். அப்புறம் பேச்சே இல்லை. அந்த மௌனம்தான் அவளை உள்ளே தள்ளியது. அவள் தகரப் பெட்டியின் மேல் உட்கார்ந்து, கதவுக்கு மேலே இருந்த வெறும் ஆணியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நான் பொறுப்புன்னு சொன்னேன்ல?" என்றாள் என்னிடம்.

"வரும் அத்தை."

"வரலன்னா அந்தப் பிள்ளையைத் தூக்கிட்டுப் பள்ளத் தெருவுக்கு இறங்கிடுவேன். எவன் வாசல்லயாவது நிப்பேன்."

அம்மா தன் செருப்பைத் தேடி எடுத்து வாசலில் வைத்ததைப் பார்த்தேன். அத்தை இறங்கினால் அம்மாவும் இறங்குவாள்.

வெயில் சாய்ந்து, சுவர்களின் நிழல் தெருவைக் கடந்தபோது, பாதை முனையில் டேங்கரின் முனகல் கேட்டது. யாரும் உடனே நம்பவில்லை. அது திரும்பி மேலே ஏறி, ஹாரன் அடித்த பிறகுதான் குடங்கள் எழுந்தன.

"யார் அனுப்பினா?" என்று டிரைவரைக் கேட்டேன்.

"கிளார்க்தான் போன் பண்ணாரு. தொண்டை கட்டின மாதிரிப் பேசினாரு. என்னாச்சு இங்க?"

அவன் ரப்பர் குழாயை இழுத்துப் போட்டான். அது மண்ணில் கிடந்தது. வழக்கமாக எடுப்பவள் உள்ளே இருந்தாள். சாவியைப் பிடுங்கிக்கொண்ட பிறகு தனக்கு என்ன வேலை என்று நினைத்திருப்பாள். யாரும் அந்தக் குழாயை எடுக்கவில்லை. டிரைவர், "பிடிங்கம்மா, இருட்டுறதுக்குள்ள நான் இறங்கணும்" என்றான். அப்போதும் எடுக்கவில்லை.

ஸ்பீக்கர் பேத்தியை மார்போடு அணைத்துக்கொண்டு எங்கள் வாசலுக்கு வந்து, கதவைக் காலால் உதைத்தாள்.

"வால்வக்கா! வெளிய வா. கொட்டினவதான் பிடிக்கணும்."

அத்தை வந்தாள். யார் முகத்தையும் பார்க்காமல் குழாயை எடுத்தாள். "போன தடவை கடைசி யாரு?" என்று கேட்டாள்.

"நாங்க" என்றாள் அம்மா. "ஆனா முதல்ல பிள்ளை இருக்கிற வீட்டுக்கு ஊத்துங்க அண்ணி."

சாவி இன்னும் அலுவலகத்தில்தான் இருக்கிறது. கிளார்க்கின் மேசைக்குப் பின்னால் சுவரில் சாய்த்து வைத்திருப்பதைப் பார்த்துவிட்டு வந்தேன். எண்ணெய் காய்ந்திருந்தது. சில நாள் முன்பு இரண்டு பேர் வந்து, அளவு நாடாவைப் பிடித்துக்கொண்டு சரிவு முழுக்க அளந்துவிட்டுப் போனார்கள். எதற்கென்று சொல்லவில்லை. டேங்கர் நிற்கவில்லை, ஒன்றுவிட்டு ஒரு நாள் வந்துகொண்டிருக்கிறது. "முன்னேயாவது காத்து வந்துட்டிருந்துச்சு, என் வாயால அதுவும் நின்னு போச்சு" என்று அத்தை சொல்ல, ஸ்பீக்கர் தெருவே அதிரச் சிரித்தாள்.

ஆனால் அத்தை இப்போதும் காலையில் எழுந்ததும் உச்சிக்குத்தான் போகிறாள். வெறுங்கையோடு போய் மண்டி போட்டு, மூடிக் கிடக்கும் குழாயில் காதை வைக்கிறாள். இன்று காலை நானும் கூடப் போனேன்.

"ஏதாவது கேக்குதா அத்தை?"

"நீ வாயை மூடினாத்தானேடி கேக்கும்" என்றாள்.